ஏ-ராட் வந்த குளிர்காலம்: ரசிகர்கள் எண்ணியதும் எண்ணாமல் விட்டதும்

2004 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி அலெக்ஸ் ரோட்ரிகஸைத் தன் ஆளாக அறிவித்தது. ரசிகர்களுக்கு அவர் ஏ-ராட். வயது 28. அதற்குள் 345 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்திருந்தார். முந்தைய சீசனில், பேஸ்பாலின் இரண்டு லீகில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியோடு 2000 டிசம்பரில் அவர் போட்டது பத்து ஆண்டுக்கு 25.2 கோடி டாலர் ஒப்பந்தம். அதுவரை எந்த பேஸ்பால்காரருக்கும் அப்படி ஒரு தொகை கிடைத்ததில்லை. இதெல்லாம் போகட்டும். பாஸ்டன்காரர்களின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே வேறு. இரண்டு மாதம் முன்பு வரை அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு வருவதாகத்தான் பேச்சு.

நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடையே சாலை வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். நடுவில் இருக்கிற கனெக்டிகட் மாநிலத்தில் ஒரே தெருவில் இரண்டு அணிக்கும் ஆள் இருப்பார்கள். அந்தத் தெருக்களில், அலுவலகங்களில், வானொலிப் பேச்சு நிகழ்ச்சிகளில், ஏப்ரல் வரை ஒரே வேலைதான்: இரண்டு அணியின் பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் இடமாக யார் ஒசத்தி என்று எண்ணுவது. பேஸ்பால் ரசிகர்கள் எல்லாக் குளிர்காலத்திலும் இதைச் செய்கிறார்கள். 2004 விசேஷமாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கணக்கை அக்டோபர் மாதம் வரிக்கு வரி சரிபார்த்துக் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் ஏதோ உளறினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணிய இடங்களில் பெரும்பாலும் சரியாகத்தான் எண்ணினார்கள். எண்ணாமல் விட்ட இடங்களில்தான் சீசன் முடிவானது.

கொஞ்சம் பின்கதை வேண்டும். இரண்டு லீகின் வெற்றி அணிகளும் மோதும் உலகத் தொடரை ரெட் சாக்ஸ் கடைசியாக வென்றது 1918இல். அடுத்த ஆண்டின் கடைசியில் தன் பெரிய நட்சத்திரம் பேப் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றார்கள். அதற்குப் பிறகு யாங்கீஸ் கோப்பை மேல் கோப்பையாக வாங்க, பாஸ்டன் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு புதுவிதத்தில் தோற்றது. 2003 அக்டோபர் 16 அன்று நடந்தது அந்த வரிசையில் சமீபத்தியது. லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமனானால் மேலும் நீளும். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலை. களைத்துப்போயிருந்த பிட்சர் (பந்து வீசுபவர்) பெட்ரோ மார்ட்டினெஸை மேலாளர் கிரேடி லிட்டில் மாற்றாமல் விட்டார்; யாங்கீஸ் சமன் செய்தது. பதினொன்றாவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தையே ஆரன் பூன் ஹோம் ரன்னாக அடித்து ஆட்டத்தை முடித்தார். கிரேடி லிட்டிலின் வேலை போனது. ஆரன் பூன் இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

அந்தத் தோல்வி முடிந்த கையோடு ரெட் சாக்ஸ் செய்த காரியம், தன் பெரிய மட்டையாளர் மேனி ராமிரெஸை எந்த அணி வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியே வைத்தது. மிச்சமிருந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் போதும். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. எட்டு ஆண்டுக்கு 16 கோடி டாலர் என்ற ஒப்பந்தம் எல்லாரையும் பயமுறுத்தியது. அப்புறம்தான் டெக்சஸோடு பேச்சு ஆரம்பித்தது: ராமிரெஸையும், ஜான் லெஸ்டர் என்ற பதின்வயது பிட்சரையும் கொடுத்து, ரோட்ரிகஸை வாங்குவது. அவர் வந்தால் பாஸ்டனின் செல்லப்பிள்ளை நோமார் கார்சியபாராவுக்கு இடம் இருக்காது. அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பி, பதிலுக்கு மக்லியோ ஒர்டோனெஸை எடுப்பது.

இந்த மாற்றங்கள் நமக்கு ஐபிஎல் ஏலம் மாதிரி தோன்றலாம். அப்படியல்ல. ஏலத்தில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக விலைக்கு வருவார், பணம் இருந்தால் போதும். பேஸ்பாலில் டிரேடு என்றால் ஒப்பந்தத்தோடு ஆளைத் தூக்கிக் கொடுத்து, பதிலுக்கு ஆளை வாங்குவது. உள்ளே வருகிறவருக்கு ஈடாக யாரோ ஒருவர் வெளியே போயாக வேண்டும். அந்த ‘வெளியே போனவர்’ என்ற பாதியைத்தான் ரசிகர்கள் வழக்கமாகச் சீக்கிரம் மறந்துபோகிறார்கள்.

ஒப்பந்தம் கூடிவரும் நேரத்தில் ஆட்டக்காரர்கள் சங்கம் குறுக்கே நின்றது. ரோட்ரிகஸ் பாஸ்டனுக்கு வர ஆசைப்பட்டு, தன் சம்பளத்தில் சுமார் 3 கோடி டாலர் வரை குறைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை ஓர் ஆள் விட்டுக்கொடுத்தால், நாளைக்கு எல்லாரிடமும் அதையே கேட்பார்கள் என்பது அவர்கள் வாதம். சங்கமாக யோசித்தால் அது நியாயமான வாதம்தான். 2003 டிசம்பரில் பேச்சு முறிந்தது. ராமிரெஸ், கார்சியபாரா இருவருக்கும் தங்களை விற்கப் பார்த்தார்கள் என்பது தெரிந்துவிட்டது. இருவரும் அதே அணிக்குத் திரும்பி வந்து ஆட வேண்டியிருந்தது.

ஜனவரியில் ஆரன் பூன் நண்பர்களோடு கூடைப்பந்து ஆடப்போய் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். ஓட்டம் எடுக்க மட்டையாளர் ஒவ்வொன்றாகச் சுற்றிவர வேண்டிய நிலைகள்தான் பேஸ்கள். பூன் காத்துவந்த மூன்றாவது பேஸில் யாங்கீஸுக்கு இப்போது ஆள் இல்லை. அவர்கள் ரோட்ரிகஸைக் கேட்டார்கள். டெக்சஸுக்கு அல்ஃபோன்சோ சோரியானோவும், பின்னர் முடிவு செய்யப்படும் ஓர் இளைஞரும். இதில் ரசிகர்கள் அதிகம் பேசாத ஒரு கணக்கு உண்டு. ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது 17.9 கோடி டாலர். அதில் 6.7 கோடியை டெக்சஸே கட்டுவதாக ஒப்புக்கொண்டது. ஆக, யாங்கீஸுக்கு ஏழு ஆண்டுக்கு 11.2 கோடி, சராசரியாக ஆண்டுக்கு 1.6 கோடி. அதே அணியின் கேப்டன் டெரெக் ஜீட்டர் வாங்கியது பத்து ஆண்டுக்கு 18.9 கோடி. லீகின் சிறந்த ஆட்டக்காரர் தன் கேப்டனைவிடச் சல்லிசாக வந்து சேர்ந்தார். பணத்தைக் கொட்டி வாங்கிவிட்டார்கள் என்று பாஸ்டன் முழுக்கக் கூச்சல் போட்டது. உண்மையில் இந்த ஒரு பேரத்தில் பணத்தைக் கொட்டியது டெக்சஸ்.

பாஸ்டன் உரிமையாளர் ஜான் ஹென்றி, சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று பேசத் தொடங்கினார். யாங்கீஸ் உரிமையாளர் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் சூடாகத் திருப்பிக் கொடுத்தார். பேஸ்பாலில் உச்சவரம்பு கிடையாது, வரி மட்டும்தான். 2004இல் அணியின் மொத்தச் சம்பளம் 12.05 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி. யாங்கீஸ் அந்த ஆண்டு கட்டிய வரி சுமார் 2.6 கோடி டாலர். சரி, பாஸ்டன்? அவர்களும் கட்டினார்கள், சுமார் 31 லட்சம். ஏழை அணி, பணக்கார அணி என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதில்லை.

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். களத்தில் ஒன்பது இடம். அதோடு பிட்சருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்கிற ஒருவர். கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) இடத்தில் நியூயார்க்குக்கு ஹோர்கே பொசாடா, பாஸ்டனுக்கு ஜேசன் வேரிடெக். பொசாடா 2003 சிறந்த ஆட்டக்காரர் வாக்கெடுப்பில் மூன்றாவது வந்தவர்; புள்ளி நியூயார்க்குக்கு. முதல் பேஸில் ஜேசன் ஜியாம்பி எதிரே கெவின் மில்லர். ஜியாம்பி முந்தைய ஆண்டு 41 ஹோம் ரன் அடித்தவர், விவாதத்துக்கே இடமில்லை. இடப் புறக்களத்தில் ஹிடெகி மட்சுயியைவிட ராமிரெஸ் மேல். நடுக்களத்தில் ஜானி டேமன், பாஸ்டன். வலப் புறக்களத்தில் புதிதாக வந்த கேரி ஷெஃபீல்ட், நியூயார்க். மூன்றாவது பேஸில் ரோட்ரிகஸ் எதிரே பில் மில்லர். இந்த வரியைச் சொல்லும்போது நியூயார்க்காரர்கள் சிரித்திருப்பார்கள். பில் மில்லர் 2003இல் .326 ஹிட் சராசரியோடு லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றவர் என்பதைப் பாஸ்டன்காரர் எடுத்துச் சொன்னாலும், ரோட்ரிகஸின் 47 ஹோம் ரன்னுக்கு முன்னால் அது எடுபடாது.

இரண்டாவது பேஸை எல்லாரும் ஓட்டமாகக் கடந்துபோனார்கள். சோரியானோ போனதில் யாங்கீஸுக்கு அங்கே ஓட்டை விழுந்திருந்தது. 2003இல் 38 ஹோம் ரன் அடித்து 35 பேஸ் திருடிய (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) ஆளுக்குப் பதிலாக என்ரிக்கே வில்சன், மிகேல் கைரோ என்று சிறிய பெயர்கள். பாஸ்டனிலும் பெரிய பெயர் இல்லை. கொலராடோவிலிருந்து கிட்டத்தட்ட சும்மா வாங்கிய மார்க் பெல்ஹார்ன், பிடிப்பதில் கெட்டிக்காரரான போக்கி ரீஸ். பெல்ஹார்ன் அந்த சீசனில் 177 முறை ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆனார், லீகிலேயே அதிகம். பார்க்க எரிச்சலூட்டும் ஆட்டம். ஆனால் நான்கு கெட்ட பந்தைத் தொடாமல் விட்டால் கிடைக்கும் உரிமையில் 88 முறை நடந்தே முதல் பேஸுக்குப் போனவரும் அவர்தான். பாஸ்டன் அலுவலகத்தில் அப்போது புள்ளிவிவர அறிஞர் பில் ஜேம்ஸ் ஆலோசகர். பொது மேலாளர் தியோ எப்ஸ்டைனுக்கு வயது முப்பது. ஹிட் சராசரியைவிட எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸுக்குப் போகிறார் என்பதைப் பார்க்கும் கூட்டம் அது. நியூயார்க் ரசிகர் கோப்பை வென்றவர்கள் அணியும் மோதிரங்களை எண்ணுவார், பாஸ்டனின் புதிய தலைமுறை ரசிகர் சதவீதங்களை எண்ணுவார். அந்தக் குளிர்காலத்தில் பாதிச் சண்டை ஆட்டக்காரரைப் பற்றியதே அல்ல, எதை வைத்து அளப்பது என்பது பற்றியது.

அதற்கு நல்ல உதாரணம் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் இடம். உள்வட்டத்தில் பிடிப்பதற்கு மிகக் கடினமானது. ரோட்ரிகஸ் அந்த இடத்தில் 2002, 2003 இரண்டு ஆண்டும், சிறப்பாகப் பந்து பிடிப்பவருக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர். ஜீட்டரோ வலப்பக்கம் இடப்பக்கம் பந்தை எட்டிப் பிடிப்பதில் சராசரிக்கும் கீழே என்று புள்ளிவிவரக்காரர்கள் விடாமல் எழுதிவந்தார்கள். அப்படியானால் நியாயப்படி ஜீட்டர்தான் நகர வேண்டும். நகர்ந்தது ரோட்ரிகஸ். நான்கு கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டனைப் புதிதாக வந்தவருக்காக நகரச் சொல்ல யாங்கீஸில் யாரும் தயாராக இல்லை. சட்டை எண்ணையும் ரோட்ரிகஸ் மாற்றிக்கொண்டார். அவருடைய 3, அந்த அணியில் பேப் ரூத்துக்கென ஓய்வு கொடுக்கப்பட்ட எண், 13 எடுத்துக்கொண்டார். கூத்து என்னவென்றால், ஜீட்டருக்கு முதல் தங்கக் கையுறை கிடைத்தது அதே 2004இல்தான். புள்ளிவிவரக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பாஸ்டன் ரசிகர்கள் இன்னொரு வாதம் வைத்தார்கள்: ரோட்ரிகஸின் எண்கள் டெக்சஸ் மைதானத்தின் தயவு. அந்த வெயிலில், அந்த மைதானத்தில் பந்து நன்றாகப் பறக்கும். யாங்கீ ஸ்டேடியத்திலோ வலக்கை மட்டையாளருக்கு இடது நடுப்பகுதி வேலி வெகு தூரத்தில் இருந்தது. இது பொறாமைப் பேச்சு என்று ஒதுக்கியவர்களுக்கு சீசன் பதில் சொன்னது: 47 ஹோம் ரன் 36 ஆனது. இன்னொரு சங்கதி அப்போது யாருக்கும் தெரியாது. டெக்சஸில் இருந்த 2001 முதல் 2003 வரை தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து எடுத்ததாக ரோட்ரிகஸ் 2009 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டார். ராமிரெஸும் 2009இல் மருந்து விதிமீறலுக்காக 50 ஆட்டத் தடை பெற்றார். அந்தக் குளிர்காலத்தில் இரு ஊர்க்காரர்களும் தூக்கிப்பிடித்த எண்களில் எவ்வளவு உண்மை என்று இனி யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இத்தனையும் மட்டையாளர்கள் பற்றிய பேச்சு. பிட்சர்களைப் பற்றியும் பேசினார்கள்தான், ஆனால் பெயராகப் பேசினார்கள். அணிக்கு ஐந்து தொடக்க பிட்சர்கள். முறைவைத்து ஐந்து நாளுக்கு ஒருவர். 2003 நவம்பரில் எப்ஸ்டைனும் அவருடைய உதவியாளர் ஜெட் ஹோயரும் அரிசோனாவுக்குப் போய், நன்றி நவிலும் நாள் விருந்தன்று கர்ட் ஷில்லிங் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசி, அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். வயது 37, 2003இல் குடல்வால் அறுவை, கை முறிவு என்று பல வாரம் ஆடவில்லை. கிழவரை வாங்கிவிட்டார்கள் என்று நியூயார்க்கில் கிண்டல் எழுந்தது. யாங்கீஸும் சும்மா இருக்கவில்லை. டாட்ஜர்ஸிலிருந்து கெவின் பிரவுன், மாண்ட்ரியலிலிருந்து ஹாவியர் வாஸ்கெஸ். பிரவுன்தான் பேஸ்பாலில் முதன்முதலாக 10 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். வாஸ்கெஸ் இளையவர், அடுத்த பத்தாண்டுக்கான ஆள் என்று நினைத்தார்கள். ஆனால் அதே குளிர்காலத்தில் ரோஜர் கிளெமென்ஸ், ஆண்டி பெட்டிட் இருவரும் ஹூஸ்டனுக்குப் போனார்கள், டேவிட் வெல்ஸ் சான் டியேகோவுக்கு. பெட்டிட், வெல்ஸ் இருவரும் இடக்கை. ஆக, யாங்கீஸின் தொடக்க வரிசையில் இடக்கையர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. இடக்கை பிட்சரை அடிப்பது பொதுவாக இடக்கை மட்டையாளருக்குக் கஷ்டம்; எதிரணியில் இடக்கை மட்டையாளர்களாக டேவிட் ஓர்டிஸும் ஜானி டேமனும் நிற்கிறார்கள். இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியவர்கள் நியூயார்க்கிலேயே இருந்தார்கள். ரோட்ரிகஸ் வந்த சந்தோஷத்தில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

சீசன் நடந்தது. யாங்கீஸ் 101 வெற்றி, ரெட் சாக்ஸ் 98. பட்டியல் போட்டவர்கள் சொன்னபடியே நியூயார்க் மூன்று ஆட்ட வித்தியாசத்தில் பிரிவில் முதலிடம். இதைக் கவனிக்க வேண்டும்: 162 ஆட்டம் என்ற நீண்ட கணக்கில் ரசிகர்களின் பட்டியல் சரியாகவே வந்தது. ரோட்ரிகஸ் .286, 36 ஹோம் ரன், 28 திருட்டு என்று உருப்படியாக ஆடினார்.

அடியில் நடந்தது வேறு. பாஸ்டனின் ஐந்து தொடக்க பிட்சர்கள் ஷில்லிங், மார்ட்டினெஸ், டெரெக் லோ, வேக்ஃபீல்ட், பிரான்சன் அரோயோ. 162 ஆட்டங்களில் 157ஐ இந்த ஐந்து பேரே தொடங்கினார்கள். ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. பேஸ்பாலில் இது லாட்டரி விழுந்த மாதிரி. ஷில்லிங் மட்டும் 21 வெற்றி. நியூயார்க்கில் வாஸ்கெஸ் முதல் பாதியில் நட்சத்திர ஆட்டத்துக்கு (லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆண்டு ஆட்டம்) தேர்வாகி, இரண்டாம் பாதியில் அடிமேல் அடி வாங்கினார். பிரவுன் செப்டம்பரில் கோபத்தில் ஓய்வறைச் சுவரைக் குத்திக் கையை முறித்துக்கொண்டார். நல்லவேளை, பந்து வீசாத கை. ‘விவாதத்துக்கே இடமில்லை’ என்று சொன்ன ஜியாம்பி, கட்டி ஒன்றால் உடல்நலம் கெட்டு 80 ஆட்டம்தான் ஆடினார். அக்டோபர்ப் பட்டியலில் பெயரே இல்லை.

பாஸ்டனிலும் பட்டியல் மாறியது. ஜூலை 31 டிரேடு கெடு நாளில் எப்ஸ்டைன் கார்சியபாராவைச் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டார். நான்கு அணி சேர்ந்த பேரம் அது. கைக்கு வந்தது ஷார்ட்ஸ்டாப் ஒர்லாண்டோ கப்ரேரா, முதல் பேஸ் டக் மின்ட்கேவிச். இருவருமே பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், அடிப்பதில் சுமார். ஊரே கொந்தளித்தது. இடம் இடமாக எண்ணுகிறவர் கண்ணுக்கு இது பச்சை நஷ்டம்: ஐந்து முறை நட்சத்திர ஆட்டம் ஆடியவர் போய் ஓர் எளிய ஆள் வருகிறார். ஆனால் உள்வட்டத்தில் நழுவிய ஒவ்வொரு பந்தும் பிட்சரை இன்னும் ஐந்தாறு பந்து கூடுதலாக வீச வைக்கும். அதை ஹோம் ரன் பட்டியலில் பார்க்க முடியாது. அதே நாளில் டாட்ஜர்ஸிலிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரையும் வாங்கினார்கள். அதைப் பற்றி யாரும் இரண்டு வரிக்கு மேல் பேசவில்லை. ஆகஸ்ட் நடுவில் பத்து ஆட்டத்துக்கு மேல் பின்தங்கியிருந்த அணி, முடிவில் இடைவெளியை மூன்றாகக் குறைத்தது.

அக்டோபரில், நான்கு ஆட்டம் வெல்பவருக்கு லீக் பட்டம் என்ற இறுதித் தொடரில், இரண்டு அணியும் மறுபடி மோதின. முதல் மூன்று ஆட்டமும் யாங்கீஸுக்கு. மூன்றாவது 19-8, அதில் ரோட்ரிகஸ் ஒருவரே ஐந்து முறை ஓடி ஓட்டம் எடுத்தார். பட்டியல் போட்டவர்களின் கொண்டாட்ட இரவு அது. பேஸ்பால் வரலாற்றில் 0-3 என்று பின்தங்கிய எந்த அணியும் அதுவரை தொடரை வென்றதில்லை.

நான்காவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4-3. பந்து வீசும் மேட்டில் யாங்கீஸின் மரியானோ ரிவேரா. கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பதில் அவருக்கு இணை அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கெவின் மில்லர் நடந்து முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் வந்தார். அவர் திருடப்போகிறார் என்பது மைதானத்தில் பாப்கார்ன் விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை மிரட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை மயிரிழையில் தப்பினார் ராபர்ட்ஸ். மட்டையாளருக்கு முதல் பந்து வீசியதுமே பாய்ந்தார். பொசாடா சரியாகத்தான் எறிந்தார், ஜீட்டர் சரியாகத்தான் கையை இறக்கினார். ராபர்ட்ஸின் கை அதற்கு முன்பே பேஸைத் தொட்டுவிட்டது. அடுத்து மட்டை பிடித்திருந்தவர் பில் மில்லர், ரோட்ரிகஸோடு ஒப்பிட்டுச் சிரித்த அதே மூன்றாவது பேஸ்காரர். நடுவில் அடித்தார், ராபர்ட்ஸ் ஓடி வந்து சமன் செய்தார். ஜூலை 24 அன்றும் இதே பில் மில்லர் இதே ரிவேராவைக் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 11-10 என்று ஆட்டத்தை முடித்தவர். அரோயோவின் பந்து ரோட்ரிகஸ் மேல் பட்டு, வேரிடெக் கையுறையை அவர் முகத்தில் தள்ளிப் பெரிய கைகலப்பு ஆன நாள் அது. எல்லாருக்கும் சண்டைதான் ஞாபகம் இருக்கிறது. நான்காவது ஆட்டம் பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்டிஸின் ஹோம் ரன்னோடு முடிந்தது. ஓர்டிஸ், மின்னசோட்டா வேண்டாம் என்று விடுவித்த பிறகு 2003 ஜனவரியில் 12.5 லட்சம் டாலருக்கு வந்தவர். ராபர்ட்ஸ் அந்தத் தொடர் முழுக்க ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை.

ஐந்தாவது ஆட்டம் 14 இன்னிங்ஸ், அதுவும் ஓர்டிஸ் கையில். ஆறாவது நியூயார்க்கில். கணுக்கால் தசைநாரைத் தையல் போட்டு நிறுத்திக்கொண்டு ஷில்லிங் ஏழு இன்னிங்ஸ் வீசினார், காலுறையில் ரத்தக் கறையோடு. நான்காவது இன்னிங்ஸில் பெல்ஹார்ன் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டி ஒரு பார்வையாளர் மேல் பட்டு உள்ளே திரும்பி விழுந்தது. நடுவர் முதலில் அதை ஹோம் ரன் என்று சொல்லவில்லை. ஆறு நடுவர்களும் கூடிப் பேசி மாற்றினார்கள். மூன்று ஓட்டம். எல்லாரும் ஓட்டமாகக் கடந்துபோன இரண்டாவது பேஸ்!

எட்டாவது இன்னிங்ஸில், 4-2 என்ற நிலையில், ஜீட்டர் முதல் பேஸில் இருக்க ரோட்ரிகஸ் மெதுவாக ஒரு பந்தைத் தட்டினார். அரோயோ அதை எடுத்து அவரைத் தொட வந்தார். ஓடிக்கொண்டே ரோட்ரிகஸ் அரோயோவின் கையுறையைத் தட்டிவிட, பந்து உருண்டு ஓடியது; ஜீட்டரும் ஓட்டம் எடுத்துவிட்டார். நடுவர்கள் மறுபடி கூடினார்கள். ரோட்ரிகஸ் அவுட், ஜீட்டர் முதல் பேஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது பேஸ் அருகே நின்று, தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு, ‘நான் என்ன செய்தேன்’ என்று விழித்த அவருடைய முகத்தைப் பாஸ்டனில் பல நாள் கொண்டாடினார்கள். நியூயார்க் ரசிகர்கள் அவரை முழுசாகத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொள்ளத் தயங்கியதற்கு அந்த ஒரு தட்டலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஜீட்டர் இதைச் செய்திருந்தால் சாமர்த்தியம் என்று சொல்லியிருப்பார்கள்.

ஏழாவது ஆட்டத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பிரவுன் நான்கே அவுட் எடுத்துவிட்டு இறங்கினார். பேஸ்கள் நிரம்பியிருக்க, அவருக்குப் பதிலாக வந்த வாஸ்கெஸின் முதல் பந்தை இடக்கையர் டேமன் வலப்புறக் கூட்டத்துக்குள் அனுப்பினார். 6-0. முடிவு 10-3. குளிர்காலத்தில் தனித்தனியாகக் கைதட்டி வரவேற்ற இரண்டு பிட்சர்கள், பேசாமல் விட்ட இடக்கைப் பிரச்சினை, எல்லாம் இரண்டு இன்னிங்ஸுக்குள். பாஸ்டனுக்கு அன்று வீசிய லோ, தொடர் தொடங்கும்போது தொடக்க வரிசையிலேயே இல்லாதவர். அடுத்து உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை நான்கே ஆட்டத்தில் முடித்து, 86 ஆண்டுக்குப் பிறகு கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மேனி ராமிரெஸ், ஓர் ஆண்டுக்கு முன் சும்மா கொடுத்தும் யாரும் வாங்காதவர்.

இதிலிருந்து ‘ஏ-ராடை வாங்கியது தவறு’ என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2005இலும் 2007இலும் அவர் மறுபடி லீகின் சிறந்த ஆட்டக்காரர். 2009இல் யாங்கீஸ் கோப்பை வென்றபோது அந்த அக்டோபர் முழுக்க அவர் மட்டை பேசியது. டெக்சஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமையைத் தூக்கிக்கொள்ள, இப்படி ஓர் ஆள் கிடைத்தால் எந்தப் பொது மேலாளரும் விடமாட்டார். தவறு வேறிடத்தில்: பிட்சிங்கில் விழுந்த ஓட்டையை அவர் வரவு மறைத்துவிட்டது, ரசிகர்களுக்கும், ஒருவேளை அலுவலகத்துக்கும்.

2003 டிசம்பர் பேரம் நடந்திருந்தால் டெக்சஸுக்குப் போயிருக்க வேண்டிய ஜான் லெஸ்டர் பாஸ்டனிலேயே வளர்ந்தார். 2006இல் நிணநீர்ப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடித்துத் திரும்பினார். 2007 அக்டோபர் 28, உலகத் தொடரின் நான்காவது ஆட்டம், டென்வரில். லெஸ்டர் ஐந்தே முக்கால் இன்னிங்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டமே கொடுக்காமல் வீசி, பாஸ்டனுக்கு அடுத்த கோப்பையை உறுதி செய்தார். அந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி வந்தது: ரோட்ரிகஸ் யாங்கீஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறார். ஆட்டம் முடிந்து கோப்பையைக் கொண்டாடிய பாஸ்டன் ரசிகர்கள் எழுப்பிய கோஷங்களில் ஒன்று, ஏ-ராட் எங்களுக்கு வேண்டாம் என்பது. அவர் எங்கும் போகவில்லை. சில வாரங்களில் யாங்கீஸோடேயே பத்து ஆண்டுக்கு 27.5 கோடி டாலருக்குப் புது ஒப்பந்தம் போட்டார், இம்முறை டெக்சஸ் பணம் இல்லாமல்.